கிலோமீட்டர் கணக்கு: வேளாங்கண்ணிச் சாலையில் ஒரு விமர்சனம்

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். காவி உடுத்தி நடப்பவர்கள் ஒரு பக்கம், ஹேண்டில்பாரில் மாதா படமும் கொடியும் கட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறவர்கள் இன்னொரு பக்கம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 7 பெரிய தேர், 8 மாதா பிறந்தநாள். சென்னையிலிருந்து வேளாங்கண்ணி 300 கிலோமீட்டருக்கு மேல். இதே செப்டம்பர்தான் உலகம் முழுக்கக் குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமும். மாதாவுக்காக மிதிப்பது பழைய வழக்கம். நோயுற்ற குழந்தைகளுக்கு நிதி திரட்ட மிதிப்பது புதிது. இந்தப் புதிய வழக்கத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது வெளியே நின்று பேசும் பேச்சு இல்லை. நானும் ஒரு தடவை இப்படி ஒரு சவாரிக்கு வேண்டுகோள் எழுதிக் கொடுத்தேன். அதனால் இந்த விமர்சனத்தில் பாதி எனக்கே.

இந்த வடிவத்தின் பெரிய உதாரணம் அமெரிக்காவின் 'பேன்-மாஸ் சேலஞ்ச்'. 1980இல் பில்லி ஸ்டார் என்பவர் 36 பேரோடு மாசசூசெட்ஸ் மாநிலத்தைக் குறுக்கே கடந்தார். அந்த வருடம் சேர்ந்தது சுமார் 10,200 டாலர். இன்று வரை சேர்ந்த தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. எல்லாம் பாஸ்டனில் இருக்கும் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்கு. ஆஸ்திரேலியாவில் 2013இல் தொடங்கிய 'கிரேட் சைக்கிள் சேலஞ்ச்' குழந்தைப் புற்றுநோய்க்கு என்றே நடப்பது. ஒரு மாதத்தில் இத்தனை கிலோமீட்டர் ஓட்டுவேன் என்று ஒருவர் அறிவிப்பார், தெரிந்தவர்கள் பணம் கொடுப்பார்கள். நம்ம ஊர் சைக்கிள் குழுக்களும் இந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டன.

இந்த வடிவத்துக்கு ஒரு பலம் உண்டு. சும்மா கை நீட்டினால் கொடுக்காதவன், ஒருத்தன் வெயிலில் 100 கிலோமீட்டர் மிதித்தான் என்றால் கொடுக்கிறான். வேளாங்கண்ணிக்கு இது புதுசில்லை. மணலில் முழங்காலால் நடந்து போகிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். உடம்பு வருந்தினால்தான் சொல்லுக்கு எடை வரும் என்பது நேர்த்திக்கடனுக்குப் பின்னால் உள்ள நம்பிக்கை. தொண்டுச் சவாரியும் அதே நம்பிக்கையில்தான் நிற்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். நேர்த்திக்கடன் செலுத்துகிறவருக்குத் தன் வேண்டுதல் என்ன என்று துல்லியமாகத் தெரியும். மகனுக்குக் கால் நடக்கணும், மகளுக்குக் காய்ச்சல் இறங்கணும். கோயிலின் காணிக்கைக் காட்சியகத்தில் வெள்ளியில் செய்த கண், கை, கால் என்று அந்த வேண்டுதல்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம். தொண்டுச் சவாரியில் என்ன வேண்டுகிறோம் என்பது மங்கிப்போகிறது. 'விழிப்புணர்வு', 'புற்றுநோய்க்கு எதிரான போர்', 'ஆராய்ச்சி'. என் வேண்டுகோளிலும் இந்த மூன்று சொற்களும் இருந்தன.

ஆராய்ச்சி வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தச் சொல் பாஸ்டனில் பொருந்துகிற மாதிரி நாகப்பட்டினத்தில் பொருந்துகிறதா? டானா-ஃபார்பரைத் தொடங்கிய சிட்னி ஃபார்பர் 1947–48இல் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தற்காலிகமாகத்தான் என்றாலும் நோய் பின்வாங்கியது. அந்த மருந்து லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் உருவானது. சுப்பாராவ் பீமாவரத்தில் பிறந்து, நம்ம மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அதே குடும்பத்து மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை இன்றும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் வாரம் ஒருமுறை மாத்திரையாக விழுங்குகிறார்கள். மருந்து கண்டுபிடித்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது.

பிறகும் ஏன் குழந்தைகள் சாகிறார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். வருமானம் குறைந்த, நடுத்தரமான பல நாடுகளில் 30 சதவீதத்துக்கும் கீழே. தாமதமாகவும் தவறாகவும் நோயைக் கண்டறிவது, மருந்து கிடைக்காதது, சிகிச்சையைப் பாதியில் விடுவது, பக்கவிளைவில் இறப்பது என்று அவர்களே காரணங்களை அடுக்குகிறார்கள். இதில் பாதியில் விடுவதும் பக்கவிளைவும் டெல்டாவில் தூரத்தோடு சம்பந்தப்பட்டவை.

குழந்தைகளுக்கு அதிகம் வருவது 'ஏ.எல்.எல்.' எனும் ரத்தப் புற்றுநோய். சிகிச்சை இரண்டு, இரண்டரை வருஷம். முதல் சில மாதங்கள் கடுமை, பிறகு வீட்டில் மாத்திரை, இடையிடையே ஆஸ்பத்திரி. வேளாங்கண்ணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். அடையாறு புற்றுநோய் நிலையம் என்றால் அதில் இரண்டு மடங்கு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைக்குக் கை கொடுக்கிறது. ரயிலில் படுக்கை வகுப்பில் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதச் சலுகை. ஆனால் குறுவை அறுப்பு நேரத்தில் அப்பாவுக்குப் போகிற கூலியை எந்தச் சலுகையும் ஈடு செய்வதில்லை. தங்குகிற இடம், சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த இன்னொரு பிள்ளை, இதெல்லாம் பில்லில் வராத செலவு. நாலு மாதத்தில் பிள்ளை முகம் தெளிந்து விளையாட ஆரம்பித்ததும், 'இனி எதுக்குப் போகணும்' என்ற கேள்வி வருவது இயல்பு. அந்த இடத்தில்தான் நோய் திரும்பி வருகிறது.

இன்னொன்று காய்ச்சல். கீமோதெரபியில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல் அவசர நிலை. சீக்கிரமாக ஆன்டிபயாடிக் ஊசி போகணும். 160 கிலோமீட்டர் பஸ் பயணத்துக்குப் பிறகு போட்டால் அது தாமதம்.

எங்கள் சவாரி அன்று ஒரு டீக்கடையில் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வாங்கிப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். "தம்பி, மெட்ராஸ்ல தங்குறதுக்கு எடம் நம்பர் எதுவும் இதுல இல்லையா?" என்று கேட்டார். அக்கா மகனுக்காம். பின்பக்கம் முழுக்க ஸ்பான்சர்களின் சின்னங்கள். அந்த நேரத்தில் என்னிடம் பதில் இல்லை. நான் எழுதிய வேண்டுகோளுக்கு அதைவிடச் சரியான விமர்சனத்தை வேறு யாரும் எழுதவில்லை.

பதில் இல்லாமல் இல்லை, நான்தான் தேடவில்லை. செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் 2006இல் மும்பையில் தொடங்கி, இப்போது சென்னை உட்பட பல நகரங்களில் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களுக்கு இலவசமாக இடம் தருகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 'இம்பாக்ட்' என்ற அமைப்பு, குழந்தைகள் பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதையே வேலையாக எடுத்துச் செய்கிறது. நாகப்பட்டினத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். காய்ச்சல், ரத்தப் பரிசோதனை, தட்டணு ஏற்றுவது போன்றவற்றைப் பெரிய மையத்தின் ஆலோசனையோடு பக்கத்து மருத்துவமனையிலேயே பார்க்கும் முறைக்குப் பகிர்வுச் சிகிச்சை என்று பெயர். டெல்டாவில் மிதிப்பவர்கள் பணத்தைச் செலவிட வேண்டிய இடங்கள் இவை.

ஆகவே இனி யாராவது என்னிடம் வேண்டுகோள் எழுதக் கேட்டால் இரண்டு விஷயம் கேட்பதாக இருக்கிறேன். சட்டை, பதக்கம், பேனர், பின்னால் வரும் வண்டி எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும்? மிஞ்சுவதில் எந்தக் குடும்பத்தின் பயணம் எத்தனை கிலோமீட்டர் குறையும்? ஓட்டிய தூரத்தை நாம் செயலியில் பதிவு செய்கிறோம். குறைத்த தூரத்தையும் பதிவு செய்யலாமே.

மாதா கோயிலுக்கு மிதித்துப் போகிறவர் கடைசியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, யாருக்காக வந்தேன் என்று பேர் சொல்லிக் கேட்பார். தொண்டுச் சவாரி அவரிடம் கற்க வேண்டியது அதைத்தான்: பொத்தாம்பொதுவாகக் கேட்காமல், என்ன வேண்டும் என்று சொல்லிக் கேட்பது. அடுத்த தடவை பிரசுரத்தின் பின்பக்கத்தில் தங்குமிடத்தின் தொலைபேசி எண் இருக்கும். ஸ்பான்சர்கள் முன்பக்கத்தில் ஓரமாக இருக்கட்டும்.