குலேபகாவலி: மலரும் கடுகும்

ஈழத்து முஸ்லிம்களின் தமிழ்ப் புனைகதை வரலாற்றைச் சித்திலெவ்வையின் 'அஸன்பே சரித்திரம்' (1885) என்னும் நாவலிலிருந்து தொடங்குவது வழக்கம். பழைய அற்புதக் கதைகளோ யதார்த்தத்துக்குப் புறம்பான கட்டுக்கதைகள் என ஒதுக்கப்படுவதுண்டு. குலேபகாவலிக் கதையை ஊன்றி நோக்கின் இவ்வொதுக்கல் பொருந்தாமை புலனாகும்.

இஸ்ஸத்துல்லா வங்காளி 1722இல் பாரசீகத்தில் எழுதிய இக்கதையை நிஹால் சந்த் லாஹோரி 1803இல் உருது உரைநடையாக்கினார். தமிழரிற் பலர் இதனை அறிந்தது 1955இல் டி. ஆர். ராமண்ணா இயக்கி, எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படத்தின் வாயிலாகவே. ஆதலின், கிட்டாத மலரைக் கொணரும் வீரமே கதையின் சாரம் என்ற எண்ணம் வேரூன்றியது.

மூலக்கதை அவ்வளவில் அமையவில்லை. தந்தையின் குருட்டைப் போக்க இளவரசன் தாஜுல் முலூக் தேவகன்னி பகாவலியின் மலரைக் களவாகவே பறிக்கிறான். மலர் தந்தையின் கண்ணைத் திறக்கிறது. அதனை அவனிடமிருந்து பறித்துச் சென்ற தமையன்மாரின் பொறாமையைத் தீர்க்கவில்லை. களவு கொடுத்தவளே கள்வனைத் தேடி வருகிறாள். காதல் அங்குதான் முளைக்கிறது. மானிடனை நேசித்த குற்றத்துக்காக இந்திரன் அவளைச் சபிக்க, பாதியுடல் கல்லாகிச் சிங்களதீபத்துக் கோயிலொன்றில் அவள் கிடக்கிறாள். கோயில் இடிக்கப்பட்ட நிலத்தில் உழவனொருவன் கடுகு விதைக்கிறான். அக்கடுகின் பயனாகப் பிள்ளையற்ற அவன் மனைவி கருவுற, பகாவலி மானிடப் பெண்ணாகப் பிறக்கிறாள்.

கதையின் உயிர்நாடி இவ்விடத்திலேயே உள்ளது. கிடைத்தற்கரிய மலர் பார்வையைத்தான் தந்தது; காதலரைச் சேர்த்ததோ அடுக்களைக் கடுகு. அற்புதம் தேவலோகத்துப் பூங்காவிலிருந்து இறங்கி உழவனின் நிலத்தை அடைகிறது. அந்நிலமும் இலங்கை மண்ணாகவே புனையப்பட்டுள்ளமை ஈண்டுக் கருதத்தக்கது.

குறையும் உண்டு. சிங்களதீபத்து இளவரசி சித்திராவதியை நாயகன் மணந்தும் அவள் உள்ளத்தைப் பொருட்படுத்துவதில்லை. கதையும் அவள் துயரிடத்து நெடிது தங்குவதில்லை.

எனினும், கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய வயல்சூழ் ஊர்களின் மாணவர்க்கு இக்கதை அந்நியமன்று. மச்சானும் மச்சியும் பாடும் நாட்டார் கவிகளில் காதலும் வயலும் பிரியாது நிற்பதை அவர்கள் அறிவர். அக்கவிகளை இலக்கியமெனப் போற்றும் ஆய்வு, கடுகில் காதலை முளைக்கவைத்த இக்கதையைப் பொய்யென்று தள்ளுதல் முரணேயாகும்.