ஒன்பது தீவுகளும் பத்து நாட்களும்

அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே, லிஸ்பன் நகருக்கு மேற்கே சுமார் 1,500 கிலோமீட்டர் தூரத்தில் கிடக்கும் அசோரஸ் தீவுகளுக்கு ஆகஸ்ட் மாதத்தில் செல்ல விரும்புகிறவருக்குப் பிரயாணப் பத்திரிகைகளும் வழிகாட்டி நூல்களும் இன்று பெரும்பாலும் ஒரே யோசனையைத்தான் சொல்கின்றன. ஒரு தீவோடு நின்றுவிடாதீர்கள், தீவுக்குத் தீவு தாவிக்கொண்டே இருங்கள் என்பது அந்த யோசனை. பத்து நாட்களில் ஐந்து தீவுகள், இன்னும் சற்று ஊக்கமிருந்தால் ஒன்பதும் என்று நாள்வாரியாகவும் மணிவாரியாகவும் வகுத்த அட்டவணைகள் அவற்றில் நிரம்பிக் கிடக்கின்றன. இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய யோசனையாகவே நின்றிருந்தால் இதை மறுத்து எழுத நான் முற்பட்டிருக்க மாட்டேன். ஆனால் சமீப காலமாக இதற்குத் தார்மிகமான ஒரு நியாயமும் கற்பிக்கிறார்கள்: பெரிய தீவாகிய சாவோ மிகேலில் மட்டும் கூட்டம் நெரியாமல், சிறு தீவுகளுக்கும் வருமானம் போய்ச் சேரும்படி தாவித் திரிவதே பொறுப்புள்ள பிரயாணியின் கடமையாம். அந்த நியாயம் அடியோடு பிழையானது என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

கோடையின் உச்சத்தைத் தேர்ந்தெடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வருஷத்தில் வானிலை ஓரளவு நிலைபெறுவது அப்போதுதான். கடலும் 22, 23 டிகிரி வரை வெதுவெதுப்பாகி நீந்துவதற்கு இதமாக இருக்கும். ஃபயால் தீவின் வயல் வரப்புகளில் ஹைட்ரேஞ்சியா நீல நீலமாகப் பூத்து நிற்கும். பள்ளி விடுமுறையைக் கைவிட்டு வேறு மாதத்தில் கிளம்புவது குடும்பஸ்தர்களுக்கு எளிதும் அல்ல. ஆகஸ்டில் கார்களும் விடுதிகளும் சீக்கிரமே தீர்ந்துபோவதால் முன்கூட்டிப் பதிவு செய்வது அவசியம். சாண்டா மரியாவின் வெளிர்மணல் கரையையும் பிக்கோவின் கரிய எரிமலைப் பாறையையும் அடுத்தடுத்துக் காண ஆசைப்படுவதும் இயல்பே.

திட்டத்தின் மூலதோஷம் அது காலத்தைப் பங்கிடும் முறையில் இருக்கிறது. அது தீவுக்கு ஒன்றரை நாள் என்று கணக்கிட்டுக் கொடுக்கிறது. அந்தப் பிரதேசத்தில் ஒரு நாளின் பயனைத் தீர்மானிக்கும் அதிகாரமோ மேகத்திடம் இருக்கிறது. ஈரம் செறிந்த சமுத்திரக் காற்று எரிமலைச் சரிவுகளில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மேகமாகிவிடுவதால், கரையில் ஜனங்கள் வெயிலில் நீந்திக்கொண்டிருக்கும் அதே வேளையில், மேலே ஐந்நூறு அறுநூறு மீட்டர் உயரத்திலுள்ள ஏரிகளும் காட்சிமுனைகளும் எதிரே நிற்பவர் முகம் தெரியாத மூடுபனியில் அமிழ்ந்து கிடப்பது ஆகஸ்டிலும் அங்கே சாதாரணமான சங்கதி. அது ஒரு மணி நேரத்தில் விலகினாலும் விலகும், இரண்டு நாட்கள் அசையாமல் கிடந்தாலும் கிடக்கும். இந்தத் தீவுகளின் பெரும் புகழுக்குக் காரணமான இடங்களோ, சாவோ மிகேலிலுள்ள செத்தே சிதாதெஸின் இரட்டை ஏரிகளும், ஃபுளோரஸின் மலையேரிகளும், கோர்வோவின் எரிமலைக் கிண்ணமும், போர்ச்சுகல் தேசத்திலேயே மிக உயரமானதாகிய 2,351 மீட்டர் பிக்கோ சிகரமும், எல்லாமே அந்த மேகத்தின் ஆளுகைக்கு உட்பட்டவை. ஒன்றரை நாளில் வந்து போகிறவர் அவற்றைக் கண்டால் அது அதிர்ஷ்டம். அவருடைய திட்டத்துக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

இதைத் தீவுவாசிகள் நன்றாக அறிவார்கள். ஒரே நாளில் நான்கு பருவங்கள் என்று அவர்கள் வழக்கமாகச் சொல்வது அவர்களுடைய அன்றாட அனுபவத்தின் சாரம். காட்சிமுனைகளில் காமிராக்களைப் பொருத்தி, எந்த மலை மூடியிருக்கிறது, எந்த ஏரி திறந்திருக்கிறது என்பதை அப்போதைக்கப்போது காட்டும் ஸ்பாட் அசோரஸ் என்ற சேவையும் அங்கே இருக்கிறது. காலையில் அதைப் பார்த்துவிட்டு, மேற்கே செத்தே சிதாதெஸ் மூடியிருந்தால் அதே தீவின் கிழக்கே ஃபுர்னாஸுக்குப் போவோம், நாளை திரும்பி வருவோம் என்று முடிவு செய்கிறவருக்குத்தான் அது பயன்படும். நாளை காலை வேறொரு தீவுக்கு விமானம் ஏற வேண்டியவருக்கு, தாம் இழந்தது இன்னதென்று காட்டுவதற்கு மேல் அது என்ன செய்யும்?

மேகத்துக்கு மட்டுமல்லாமல், அந்தத் தீவுகளில் ருசியுள்ள ஒவ்வொன்றுக்கும் அதனதன் காலம் உண்டு. ஃபுர்னாஸ் ஏரிக்கரையில் இறைச்சியும் காய்கறியும் அடுக்கிய பானைகளை விடியற்காலையில் சூடான மண்ணுக்குள் இறக்கி, சுமார் ஆறு மணி நேரம் கழித்து நடுப்பகலில் வெளியே எடுக்கிறார்கள். பிக்கோவில் திமிங்கிலம் பார்க்கப் படகேறுவதானால், முற்காலத்தில் திமிங்கில வேட்டைக்காரர்களுக்காகக் கண்காணித்த அதே கரைமேட்டுக் கூண்டுகளிலிருந்து இன்றும் காவலாளிகள் கடலைத் துழாவித் திசை சொல்ல வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு மறுநாளைக்குத் தள்ளிப்போகும். சாவோ ஜார்ஜ் தீவில் மலைமுகட்டிலிருந்து இறங்கி, செங்குத்தான பாறைகளின் அடியில் கடலோரமாக ஒதுங்கிய சிறு சமதளங்களின் வழியே, அசோரஸில் வேறெங்கும் கிடைக்காத மட்டிகள் வளரும் சாந்தோ கிறிஸ்தோ காயலைத் தொட்டுக்கொண்டு நடந்து முடிக்க அரை நாள் வேண்டும். தாவுகிற பிரயாணி பானை வெளியே வருவதைப் பார்க்கிறார், சாப்பிட நேரமில்லை. படகு தள்ளிப்போனால் அவருக்கு மறுநாள் இல்லை. காயலை மேலிருந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார். நுனிப்புல் மேய்வதென்று நம் பெரியோர்கள் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

இனி அந்தத் தார்மிக நியாயத்துக்கு வருகிறேன். என் ஆட்சேபத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. ஒன்பது தீவுகளில் ஆஸ்பத்திரி இருப்பது சாவோ மிகேல், தெர்சேரா, ஃபயால் ஆகிய மூன்றில் மட்டுமே. மற்ற ஆறிலும் சுகாதார நிலையங்களே உண்டு. சாவோ ஜார்ஜிலோ கிரசியோசாவிலோ இருக்கும் நோயாளி நிபுணரைக் காண வேண்டுமானால் பெரும்பாலும் தீவுகளுக்கிடையே பறக்கும் அந்தச் சிறு விமானத்தில்தான் ஏறியாக வேண்டும். கோர்வோவின் ஓடுபாதை 800 மீட்டர்தான் என்பதால் அங்கே இறங்குவது 37 இருக்கைகள் கொண்ட விமானம். 1957-ல் ஃபயாலின் கபெலின்யோஸ் எரிமலை கடலுக்குள்ளிருந்து வெடித்து ஊர்களைச் சாம்பலால் மூடிய பின்பு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களும் அவர்களுடைய சந்ததியாரும், கனடாவுக்குப் போனவர்களும், ஊர்த் திருவிழாக்களுக்காக வீடு திரும்பும் காலமும் இதே கோடைதான். உள்ளூர்வாசிகள் எந்தத் தீவுக்கும் போய்வர 60 யூரோ போதும் என்று 2021-ல் அரசு கட்டணத்தை நிர்ணயித்தது நல்ல காரியம். ஆனால் கட்டணம் குறைந்ததனால் விமானத்தில் இருக்கைகள் பெருகிவிடவில்லை. அந்த இருக்கைகளைத்தான், ஆறு மாதத்துக்கு முன்பே, ஐந்து தீவுகளையும் தொட்டுவிட வேண்டுமென்ற ஒரே காரணத்துக்காக, பிரயாணி நான்கு முறை பிடித்து வைத்துக்கொள்கிறார். ஒரு தீவில் பத்து நாள் தங்குகிறவருக்கு வர ஒன்று, போக ஒன்று போதுமே! இதைச் சிறு தீவுகளுக்குச் செய்யும் உபகாரம் என்று எழுதுவதற்கு எப்படி மனம் துணிகிறது?

வருமானம் பரவுகிறது என்ற வாதமும் நிற்காது. ஒரு ராத்திரிப் பிரயாணி படுக்கைக்கும் வாடகைக் காருக்கும் பணம் தருகிறார், அதற்குமேல் பெரிதாக ஒன்றுமில்லை. கோர்வோவுக்குக் காலையில் ஃபுளோரஸிலிருந்து படகில் வந்து, வண்டியில் எரிமலைக் கிண்ணத்தின் விளிம்பு வரை ஏறி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் பிற்பகலில் திரும்பிவிடும் கூட்டத்தால், 400 பேர்கூட இல்லாத அந்த ஊருக்கு விளையும் நன்மை என்ன என்று யோசித்தால், ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்வேன். பிக்கோவில் ஒரு வாரம் தங்குகிறவரோ அண்டை வீட்டுப் பாலாடைக்கட்டியை இரண்டாம் முறை வாங்குகிறார். 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்ற கரிய எரிமலைக்கல் வேலிகளுக்கு நடுவே விளைந்த திராட்சையின் மதுவை அத்தீவின் மதலேனா ஊரில் விசாரித்து வாங்குகிறார். அவருடைய முகம் கடைக்காரருக்குப் பழகிவிடுகிறது.

மறுபடி வரப்போவதில்லை, ஆகவே இயன்ற வரையில் பார்த்துவிட வேண்டாமா என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். ஐந்து தீவுகளென்றால் நான்கு தாவல்கள். காரைத் திருப்பிக் கொடுத்து, நிலையத்தில் காத்திருந்து, பறந்து, மறுபடி கார் எடுத்து, விடுதி தேடிச் சேர ஒவ்வொன்றுக்கும் அரை நாளுக்குக் குறையாது. ஆகப் பத்து நாட்களில் முழுதாக இரண்டு, அதுவும் ஆகஸ்டின் உச்ச விலை கொடுத்து வாங்கிய நாட்கள், இப்படியே கழிகின்றன. மூடுபனியால் ஒரு விமானம் ரத்தானாலோ, அதன் பின்னே கோத்து வைத்த விடுதியும் காரும் வரிசையாகச் சரிகின்றன. அதே பத்து நாட்களுக்குப் பிக்கோவின் மதலேனாவில் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், சிகரம் திறந்திருக்கும் நாளில் மலையேறலாம். மூடியிருக்கும் நாளில் அரை மணி நேரப் படகில் கால்வாயைக் கடந்து ஃபயாலின் ஓர்டா துறைமுகத்துக்கும் கபெலின்யோஸின் சாம்பல் முனைக்கும் போய் வரலாம். ஆசை மிஞ்சினால் சாவோ ஜார்ஜுக்கும் கப்பல் இருக்கிறது. மூன்று தீவுகளையும் அவர் அவசரமின்றிப் பார்ப்பார். அவற்றுக்கிடையே ஒரு விமான இருக்கைகூட அவருக்கு வேண்டியிராது.