பெண்ணானால் என்ன?

"ஸ்டார்பக் ஆண்! அவனைப் பெண்ணாக்குவதா?" 2003-இல் அமெரிக்காவில் எழுந்த கூக்குரல் இது. 1978-இல் வெளிவந்த 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொலைக்காட்சித் தொடரை ரொனால்ட் மூர் புதிதாகப் படைத்தபோது, அவ்விண்போர் வீரனின் வேடம் கேட்டி சாக்கொஃப் என்ற நடிகைக்குச் சென்றது. பழைய தொடரின் அன்பர்கள் சினந்தனர். முன்னர் அவ்வேடமேற்ற டர்க் பெனடிக்டே எதிர்த்து எழுதினார்.

புதிய ஸ்டார்பக்கும் சுருட்டுப் பிடித்தாள், சூதாடினாள், அஞ்சாது பறந்தாள். அத்துடன், தகுதியற்ற காதலனை விமானியாகத் தேர்ச்சிபெறச் செய்து, அவனை இழந்த குற்றவுணர்வால் வெந்தாள். பழையவனிடம் காணாத ஆழம் அது! எதிர்த்தோர் பலர் ஏற்றனர். ஆணைக்கு அஞ்சியா? இல்லை, கண்டு, எடைபோட்டு!

தோழர்களே, பழையதன்மேல் பற்று குற்றமன்று. பாராமலே பழிப்பதுதான் குற்றம். "முன்னர் இப்படி இல்லையே" என்பது சாத்திரம் பேசுவோரின் சொல். பகுத்தறிவாளர் நாவில் அது ஏறலாமா?