நிதானமான மாத்திரை

ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள தசை இறுகக் கால்சியம் வேண்டும். அது உள்ளே நுழையும் வாயில்களை அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை அடைக்கிறது. தசை தளர்ந்து, குழாய் விரிந்து, அழுத்தம் இறங்குகிறது. எனக்குப் பிடித்தது இந்த மருந்தின் நிதானம். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஆகவே நாளுக்கு ஒருவேளை போதும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கேள்வியும் இல்லை. விடியுமுன் கடலுக்குப் போகும் மாமல்லபுரத்து மீனவருக்கு இதைவிடத் தோதான மருந்து ஏது! (உப்புக் கருவாட்டைக் குறைக்கச் சொன்னால்தான் முகம் சுளிப்பார்கள்.) தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனாலும் தலைசுற்றல் இல்லையே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவோரும் உண்டு. நிறுத்தினால் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறிவிடும். அம்லோடிபினால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.