மலைப்பாம்பு வேட்டை: வெற்றியை அளப்பது எப்படி?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்னும் பரந்த சதுப்பு நிலம் உள்ளது. வளர்ப்புப் பிராணி வணிகத்தால் அங்கு வந்து சேர்ந்து பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பைக் குறைப்பதற்காக அரசு வேட்டைப் போட்டிகளை நடத்தி வருகிறது. 2013-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,600 பேர் ஒரு மாதம் தேடி 68 பாம்புகளைப் பிடித்தனர். 2025-இல் 934 பேர் பத்தே நாட்களில் 294 பாம்புகளைப் பிடித்தனர். இதைச் சாதனை என்றே செய்திகள் கூறின.

இந்த எண் எதை அளக்கிறது? பாம்புகள் பெருகியிருந்தாலும் அதிகம் அகப்படும். தேடுவோரின் திறமை கூடியிருந்தாலும் அதிகம் அகப்படும். முன்னது தோல்வி, பின்னது வெற்றி. இரண்டுக்கும் ஒரே விதமாக அசையும் முள்ளை அளவுகருவி என்று கொள்ள முடியாது. மேலும், முதல் போட்டி நடந்தது குளிர்காலத்தில், பின்னது கோடையில்.

திறமையின் பங்கு சிறிதன்று. 2017-இல் தமிழகத்திலிருந்து சென்ற இருளர் இருவர் இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகளைப் பிடிக்க உதவினர்.

எஞ்சியவை எத்தனை என்பதே உண்மையான கேள்வி. தேடும் இடத்தில் பாம்பு இருந்தாலும், அது கண்ணில் படும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று அந்நாட்டு நிலவியல் அளவைத் துறை 2023-இல் தெரிவித்தது. பத்துப் பாம்புகள் அகப்பட்டதாகக் கொள்வோம். வாய்ப்பு 1 சதவீதம் என்றால் அங்கு இருந்தவை 1,000. அரை சதவீதம் என்றால் 2,000. இவ்வளவு பெரிய பிழைக்கு இடமுள்ள கணக்கை வைத்து வெற்றி கொண்டாடுவது முறையன்று.

தலையை எண்ணுவதில் இன்னொரு குறையும் உண்டு. வானொலிக் கருவி பொருத்திய ஆண் பாம்புகளைப் பின்தொடர்ந்து, இனப்பெருக்கம் செய்யும் பெண் பாம்புகளைக் கண்டறியும் முறையை ஒரு பாதுகாப்பு அமைப்பு கையாளுகிறது. இவ்வாறு 2021 டிசம்பரில் பிடிபட்ட ஒரு பெண் பாம்பின் எடை 98 கிலோ. வயிற்றில் 122 முட்டைகள் வளர்ந்துகொண்டிருந்தன. போட்டிக் கணக்கில் இதுவும் ஒன்று. ஒரு சிறு குட்டியும் ஒன்று!

போட்டி மக்களுக்கு விழிப்பூட்டுகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நோக்கம் பாம்பைப் பிடிப்பதன்று, காட்டைக் காப்பது. எவர்கிளேட்ஸ் பூங்காவில் ரக்கூன்கள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டதாக 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே, தேடிய மணிநேரத்தையும், அகற்றிய பெண் பாம்புகளையும், திரும்பிவரும் சிறு பாலூட்டிகளையும் ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ணி வெளியிட வேண்டும். ரக்கூன்கள் மீண்டும் பெருகும் நாளில் வெற்றி என்று சொல்லலாம்.