குடும்ப வரலாற்றில் விடுபட்ட பெயர்கள்

நம் ஊர்களில் பழைய குடும்பங்கள் சில தம் வமிசாவளியை எழுதிப் பேணி வருகின்றன. அதனை அச்சிட்டு உறவினர்க்கு வழங்கியோரும் உளர். முப்பாட்டனார் எந்தத் துறைமுகத்தில் வாணிகம் செய்தார், எந்தப் பள்ளிவாசலுக்கு நிலம் எழுதி வைத்தார் என்பன போன்ற செய்திகள் அவற்றில் நிறைய உண்டு. அவருடைய மனைவியார் பெயரைத் தேடினால் பல வேளைகளில் கிடைப்பதில்லை. ஆண்மக்கள் இன்னின்னார் என்று பெயர் சொல்லப்பட்டிருக்கும். பெண்மக்கள் இருவர் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். அந்த இருவர்க்கும் பெயர் இல்லாமலா இருந்திருக்கும்?

இந்த வினாவை மனத்திற் கொண்டு நாவல்கள் சிலவற்றையும், ஒரு திரைப்படத்தையும், ஓர் ஆய்வு நூலையும் ஈண்டு ஒருசேர நோக்க விழைகிறோம். குடும்பத்தைப் பற்றிய எந்த எழுத்தையும் அளக்க நாம் கைக்கொள்ளும் கோல் ஒன்றே: அது வாசல் திண்ணையோடு நின்றுவிடுகிறதா, அடுக்களை வரை செல்கிறதா?

பெண்களின் பெயரை மறைப்பது மார்க்கம் கற்பித்த நாகரிகம் என்று எண்ணுவோர் உண்டு. நம் வரலாற்று ஆசிரியர்கள் அவ்வாறு எண்ணவில்லை. ஹிஜ்ரி 230இல் மறைந்த இப்னு ஸஅத் அவர்கள், தம் 'தபகாத்' பெருநூலின் இறுதிப் பகுதியைப் பெண்களுக்கென்றே ஒதுக்கினார்கள். ஹிஜ்ரி 902இல் மறைந்த இமாம் ஸகாவீ அவர்கள், தம் நூற்றாண்டின் பெருமக்கள் வரலாற்றைப் பன்னிரண்டு பாகங்களில் எழுதி, கடைசிப் பாகத்தில் 1075 பெண்மணிகளின் வரலாற்றை வைத்தார்கள். நம் காலத்து அறிஞர் முஹம்மது அக்ரம் நத்வி, ஹதீஸ் கலையில் ஈடுபட்ட பெண்களைத் தேடித் தொகுத்த அரபு நூல் 2021இல் 43 பாகங்களாக வெளிவந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பெயரைச் சொல்லாமல் ஹதீஸ் கலையைக் கற்பிக்க இயலுமா? ஆகவே, பெயரை மறைத்தது மார்க்கமன்று; நம் வழக்கமே.

தமிழிலும் பெயர் சொல்லி எழுந்து நின்ற பெண்மணிகள் உளர். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாகூர் சித்தி ஜுனைதா பேகம், 1938இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டார். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரே அதனைப் பாராட்டி எழுதினார். ஆயினும், அந்நாவல் மன்னர்களின் கற்பனை உலகில் நடப்பது. நாகூர் வீடொன்றின் உள்கட்டை அவர் அதில் எழுதவில்லை. அன்று ஒரு பெண் தன் பெயரோடு நூல் வெளியிட்டதே பெருந்துணிவு. தன் வீட்டையும் எழுதும் துணிவுக்குக் காலம் இன்னும் கனியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

வீட்டை எழுதியவர்களுள் முதலில் வைத்துப் போற்றத்தக்கவர் தோப்பில் முஹம்மது மீரான். அவருடைய 'சாய்வு நாற்காலி', 1997ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்ற நாவல். தென்பத்தன் கிராமத்தின் சவ்தா மன்ஸில் என்னும் பெருவீட்டின் கதை திருவிதாங்கூர் மன்னர் காலம் வரை பின்னோக்கிச் செல்கிறது. அவ்வீட்டின் முஸ்தபாக்கண்ணு, முன்னோர் பெருமையைப் பேசியபடியே வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று உண்கிறான். இதுவரை சொன்னது வீழ்ந்த குடும்பங்கள் எவற்றுக்கும் பொருந்தும் கதைதான். மீரானின் கலை வேறோர் இடத்தில் இருக்கிறது. அவ்வீட்டில் 'அதபுப் பிரம்பு' என்ற ஒன்று தலைமுறை தலைமுறையாகப் பேணப்படுகிறது. அதபு என்றால் ஒழுக்கம்; அப்பிரம்பு விழுவதோ பெண்களின் முதுகில். மன்னன் காலத்துப் பெருமையும் இந்தப் பிரம்பும் ஒரே வீட்டின் சொத்துகள். பெருமையை மட்டும் வமிசாவளியில் எழுதி, பிரம்பை எழுதாமல் விடுவது எவ்வாறு உண்மை வரலாறாகும்? நல்லொழுக்கத்தைக் குறிக்கும் புனிதமான அரபுச் சொல் ஒன்று, அடிக்கும் கோலுக்குப் பெயராகிவிட்ட கொடுமையை ஆசிரியர் விரித்துரைக்கவில்லை. பொருளைக் காட்டுகிறார், நாம் தலைகுனிகிறோம்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். மீரான் அடுக்களையின் வாயில் வரை நம்மை அழைத்துச் செல்கிறார். மரியம் பீவியின் துயரம் நமக்குத் தெரிகிறது. ஆனால் ஆண்கள் இல்லாத பொழுதில் அவளும் பிற பெண்களும் எதைப் பேசிச் சிரிப்பார்கள் என்பது தெரிவதில்லை.

அந்த வாயிலைக் கடந்து உள்ளே சென்ற நாவல், 2004இல் வெளிவந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. ராபியா என்னும் சிறுமியின் கண்களும், அவளைச் சூழ்ந்த ஸோஹ்ரா, ரஹிமா, வஹிதா, பிர்தவ்ஸ் முதலிய பெண்களின் வாழ்வும் அதன் பொருள். நோன்பு மாதத்தின் பரபரப்பு, திருமண ஏற்பாட்டின் சச்சரவு, பெண்கள் தமக்குள் பேசும் கேலி, ஒருத்தியின் துயரை மற்றொருத்தி பேசாமலே உணர்ந்துகொள்ளும் உறவு ஆகியன அதில் அப்படியே உள்ளன. பிர்தவ்ஸின் முடிவைப் படித்தபின் எளிதில் உறங்க முடிவதில்லை. நாவலில் பாத்திரங்கள் மிகுதி. யார் யாருக்கு என்ன உறவு என்று நாம் திணறுகிறோம். உண்மையான கூட்டுக் குடும்பத்திற்குள் புதிதாக வந்த மருமகளும் அவ்வாறே திணறுவாள் அல்லவா? எனவே அதனைக் குறை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நாம் காணும் குறை வேறு. இந்நாவலில் மார்க்கம், தடையாகவும் அச்சமாகவும் வருகிற அளவுக்கு, உரிமையாகவும் ஆறுதலாகவும் வருவதில்லை. மஹர், சொத்துரிமை, மணவிலக்குக் கோரும் 'குல்உ' உரிமை ஆகியவற்றை அப்பெண்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை. அது ஆசிரியையின் குற்றமா, அவர் கண்ட சமுதாயத்தின் குற்றமா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இத்தகைய எழுத்து வெளிவரும்போதெல்லாம், வீட்டுக் குறையை வெளியில் சொல்லலாமா என்று சினந்து கேட்போர் நம்மிடையே உண்டு. ஒருவரின் தனிப்பட்ட குறையை மறைப்பது நற்பண்பே. ஆனால் அநீதியை மறைப்பது அதனோடு சேராது. கவ்லா (ரலி) என்னும் பெண்மணி, தம் கணவர் தமக்கு இழைத்த தீங்கை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டு வாதாடினார்கள். அவருடைய முறையீட்டை அல்லாஹ் செவியுற்றதைச் சொல்லியே திருமறையின் 58ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. அவ்வத்தியாயத்தின் பெயரே 'வாதிடும் பெண்' என்பதாகும். இறைவன் கேட்ட முறையீட்டை நாம் கேட்க மறுக்கலாமா?

இனித் திரைப்படத்திற்கு வருவோம். பிரிட்டிஷ் இயக்குநர் கிம் லாங்கினாட்டோ எடுத்த 'சல்மா' என்னும் ஆவணப்படம் 2013இல் வெளிவந்தது. பருவமடைந்ததும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டு, மணமான பின்னும் மறைந்திருந்தே கவிதை எழுதி, 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவரான ஒரு பெண்ணின் வாழ்க்கை அது. படத்தின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அயல்நாட்டு அரங்கில் அமர்ந்து பார்ப்பவர்க்கு, தமிழ் முஸ்லிம் வீடென்றால் ஒரு சன்னலும் ஒரு சிறையும் மட்டுமே என்று தோன்றிவிடும். நாவலில் உள்ள சிரிப்பும் சமையல் மணமும் படத்தில் இல்லை. ஒருத்தி விடுதலை பெற்ற கதையாக அது சுருங்கிவிடுகிறது. மற்றப் பெண்கள் பின்னணியாகிவிடுகிறார்கள்.

ஆனால் ஒன்றை நாவலைவிடப் படம் நன்றாகச் செய்கிறது. அது அந்தத் தாயின் முகத்தைக் காட்டுகிறது. மகள் வீட்டிற்குள் முடங்கியிருக்க உடன்பட்டவர் அந்தத் தாய்தான். மகளின் கவிதைகளை மறைத்து வெளியே கொண்டு சென்றவரும் அதே தாய்தான். கதவைச் சாத்திய கையும் கவிதையைக் கொண்டு சென்ற கையும் ஒன்றே. நம் உம்மாமார் பலருடைய வாழ்வு இவ்விரு செயல்களுக்கும் இடையில்தான் கழிந்திருக்கிறது. அவர்களைக் கொடியவர் என்றோ தியாகி என்றோ ஒரு சொல்லில் அடக்க முயலும் எழுத்து எதுவாயினும் அது தோற்கும்.

ஆய்வு நூல்களைப் பற்றியும் ஒரு சொல். இலங்கையின் கிழக்குக் கரையில் அக்கரைப்பற்று முஸ்லிம்களிடையே 'குடி' என்னும் உறவு தாய்வழியாகவே வருவதையும், வீடு மகளுக்கே சீதனமாகத் தரப்படுவதையும் மானிடவியல் அறிஞர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியுள்ளார். காயல்பட்டினத்திலும் மணமகன் பெண் வீட்டிற்கே வந்து வாழும் வழக்கம் உண்டு. வீடு பெண்ணுக்குரியதாய் இருக்கும் ஊரிலும் வீட்டின் வரலாறு ஆணின் பெயரில் எழுதப்படுவது வியப்பன்றோ? இதனை எடுத்துக்காட்ட அமெரிக்காவிலிருந்து ஓர் அறிஞர் வரவேண்டியிருந்தது நமக்குப் பெருமை தருவதன்று.

எனவே நம் வாசகக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் உள்ள மூத்த பெண்மணிகளிடம் இன்றே சென்று அமருங்கள். அவர்களுடைய உம்மாவின் பெயரையும், அந்த உம்மாவின் உம்மா பெயரையும் கேட்டு எழுதுங்கள். நிக்காஹ் பதிவேட்டைப் புரட்டுங்கள். மணமகளின் பெயரும் மஹர் தொகையும் அதில் இருக்கும். எந்தத் தாலாட்டைப் பாடினார்கள், எந்த மாலையை ஓதினார்கள், எதைப் படிக்க ஆசைப்பட்டு இயலாமற்போனார்கள் என்று கேளுங்கள். பிரம்பு இருந்த வீடாயின் அதையும் எழுதுங்கள். நாவலாசிரியர்கள் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சொன்னபின் சினப்பதிலும் பயனில்லை.

ஒரு மூதாட்டி மறையும்போது அவரோடு எத்தனை பெயர்கள் மண்ணுக்குள் செல்கின்றனவோ, நாம் அறியோம். இமாம் ஸகாவீ 1075 பெயர்களைத் தேடி எழுதினார்கள். நம் வீட்டு வமிசாவளியில் விடுபட்ட இரண்டு பெயர்களையாவது நாம் தேடி எழுதலாகாதா?