வாசலில் ஒட்டிய தாள்

நார்வேயின் அலுமினிய நிறுவனமான நோர்ஸ்க் ஹைட்ரோ, 2019 மார்ச் 19 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்கும் 'லாக்கர்கோகா' என்னும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, அதன் தலைமை கையாண்ட கருவிகளுள் மிக எளியது, கணினிகளை வலையமைப்பில் இணைக்க வேண்டாம் என்று எழுதி ஓஸ்லோ அலுவலக வாசலில் ஒட்டப்பட்ட ஒரு தாள். ஏறத்தாழ 40 நாடுகளில் 35,000 ஊழியர்களைக் கொண்ட நிறுவனம் தாளை நம்ப நேர்ந்தது இழிவன்று; அதுவே ரசிக்கத்தக்க கைத்திறன்.

வலையமைப்பைத் துண்டிப்பது இணையப் பாதுகாப்பின் கட்டளை என்றால், உலையை அணையவிடாதிருப்பது உற்பத்தியின் கட்டளை. ஏனெனில் அலுமினியத்தை மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் மின்பகுப்புக் கலங்களில் மின்னோட்டம் சில மணி நேரம் நின்றாலே உருகிய குழம்பு இறுகி, கலமே பாழாகிவிடும். ஆகவே உருக்காலைகள் கைமுறைக்கு மாற்றப்பட்டு ஓடின. அலுமினியத்தை அச்சின் வழியே பிதுக்கிச் சட்டங்களாக்கும் பிரிவுதான் பெரிதும் அடிபட்டது. கணினிக்கு முந்தைய வேலைமுறை அறிந்த ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் உதவிக்கு வந்தார்கள் என்பது, எந்த மென்பொருள் பட்டியலிலும் இடம்பெறாத சொத்து.

நிதித் தலைவர் ஐவிந்த் காலெவிக் செய்தியாளர்களிடம் நிலைமையை மறைக்காமல் விளக்கினார். தாக்கியவர்கள் கேட்ட பணம் கொடுக்கப்படவில்லை, காப்புப் பிரதிகளிலிருந்தே அமைப்புகள் மீட்கப்பட்டன.